உண்ணியற்ற வராந்தா

உண்ணிக்கு எதிரான போரில் மனிதகுலம் முழு வெற்றி கண்ட ஒரே இடம் உண்ணிக் கணிப்பு மையம். வாரந்தோறும் வெள்ளைத் துணியைப் புல்லில் இழுத்து, அதில் ஒட்டும் உண்ணிகளை எண்ணுவது அங்கே வழக்கம். மூன்று வாரமாக ஒட்டியவை: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

இந்தப் பொற்காலத்தைக் கெடுக்க வந்தவள் தற்காலிகக் கணிப்பாளர். முட்டை, ஆறுகால் குஞ்சு, எட்டுக்கால் இளசு, முழு உண்ணி என நான்கு பருவங்களையும் வெயிலோடும் ஈரத்தோடும் கோத்து அவள் போட்ட கணக்கு, இந்த வாரம் நாற்பத்தொரு இளசுகள் ஒட்டும் என்றது.

"துணியில ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார் பதினெட்டு ஆண்டுகளாக, நான்கு 'பதவி நீட்டிப்பு'களுடன், மையத்தைக் கட்டிக்காக்கும் இயக்குநர். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகணும். இல்லன்னா உன் வேலை நிரந்தரமாகாது."

கணக்கைப் பதினொரு முறை சரிபார்த்தாள். தான் படிக்கும் மாலை வகுப்பின் கணக்கு வாத்தியாரிடமும் காட்டினாள்.

"கணக்கு சரிதாம்மா. உண்ணிதான் தப்பு பண்ணுது போல."

அப்போதும் அவளுக்குச் சந்தேகம் தன்மேல்தான். கடைசியில், துணி இழுக்கும் களப்பணியாளரைப் பிடித்தாள்.

"அண்ணே, துணிய எங்க இழுக்குறீங்க?"

"மாடி வராந்தாவுல."

"புல்லுல இல்லையா?"

"புல்லுல இழுத்தா அழுக்காயிடும்மா. வெள்ளையாத் திருப்பித் தரணும்னு ஸ்டோர்ல ரூல். போன தடவ ஒரு பச்சைக் கறைக்கு மூணு விளக்கக் கடிதம் எழுதுனேன். உண்ணி கடிச்சப்பக்கூட அவ்வளவு வலிக்கல."

ஆக, வராந்தா உண்ணியற்றது என்பதில் ஐயமே இல்லை.

வெள்ளிக்கிழமை அவளே புல்லில் இழுத்து, துணியோடு கூட்டத்துக்குப் போனாள்.

"நாப்பத்தொண்ணு சார்!"

"அது கிடக்கட்டும். இது என்ன?" இயக்குநர் துணியைப் பறித்து, ஒரு முனையைத் தோள்மேல் போட்டு, மறுமுனையை வெளிச்சத்தில் ஆராய்ந்தார்.

"பச்சைக் கறை சார்" என்றார் ஸ்டோர் அதிகாரி, தழுதழுத்த குரலில். பிறகு துணியை விரித்து அவரே எண்ணினார். "நாப்பதுதான் இருக்கு!"

கணக்குத் தப்பு, துணி அழுக்கு. எனவே அவளைப் பணியிலிருந்து விடுவிப்பதாக ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இயக்குநர் கழுத்தைச் சொறிந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

"சார்..." என்றார் களப்பணியாளர். "நாப்பத்தொண்ணாவது உங்க காலருக்கு மேல இருக்கு."

இயக்குநர் அலறினார். "ஐயோ, ஒட்டிக்கிச்சே! எப்பம்மா விடும்?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். முதல்முறையாக அவளுக்குத் தன்மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"மூணு நாலு நாள்ல வயிறு நிறைஞ்சிடும் சார். நிறைஞ்சதும் அதுவாவே இறங்கிப் போயிடும். நீட்டிப்பெல்லாம் கேக்காது."