பெரிய நீ, சின்ன நான்

எழுத்து விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம். பள்ளியில் ஓர் ஆங்கிலச் சொல்லில் ஊமையாக நிற்கும் எழுத்தை விட்டுவிட்டேன் என்று முட்டிபோட வைத்தார்கள். வாயில் வராததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். கூட இரண்டு அடி.

அதனால்தான் மாத்தே சொன்னது அவ்வளவு பிடித்துப்போனது. அப்போது நான் ரங்கூன் போட்டாதாங் துறையில் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தா. மாத்தே, பழுதாகி நின்ற ஒரு கப்பலின் தச்சன். அவன் பேசுவது செர்போ-குரோஷிய மொழி. அதில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்துதானாம். பேசுகிறபடியே எழுத வேண்டுமாம். கடிதத்தில் 'நீ' பெரிய எழுத்தில் தொடங்குமாம், 'நான்' சின்ன எழுத்து. இங்கிலீஷ்காரன் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறான் என்று அரைகுறை இந்துஸ்தானியில் திட்டினான். தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தையும் காட்டினான். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தப் பெரிய எழுத்துகளைப் பார்த்ததும் எனக்கு என் மனைவி செல்லம்மா ஞாபகம் வந்தது.

கல்யாணமான இரண்டாம் மாதமே அவளை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன் நான். மூன்று வருஷமாக மாமனார் அவளை அனுப்பவில்லை. நானும் 'நலம், நலமறிய ஆவல்' என்று பிணம் மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று லத்தா கடைத்தெருவில் நல்ல தாள் வாங்கி, பேசுகிறபடியே எழுதினேன். தமிழில் பெரிய எழுத்து ஏது? (மூளை இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.) ஒவ்வொரு 'நீ'யையும் எலுமிச்சம்பழம் அளவுக்கு எழுதினேன்.

"நீ இல்லாம சோறு எறங்கல. பாயில நீ படுக்கிற பக்கம் நான் படுக்கறதேயில்ல, அது உனக்குன்னு விட்டு வெச்சிருக்கேன். உங்கப்பன் ஒரு கல்லு. நீ அவன்கிட்ட கேக்காதே, கெளம்பி வா."

செல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரங்கூன் கடிதம் வந்தால் மாமனார்தான் தன் மளிகைக்கடை வாசலில் நின்று உரக்கப் படிப்பார். பிள்ளையையோ புருஷனையோ ரங்கூனுக்கு அனுப்பியவர்கள் சேதி கேட்கக் கூடிவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் முகத்தை நினைத்து எழுதியதில் அவர் முகம் மறந்துபோனது.

நடந்ததை மைத்துனன் எழுதியிருந்தான். பெரிய எழுத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று மாமனார் எடுத்துக்கொண்டாராம். ஒவ்வொரு 'நீ'க்கும் ஒரு கத்தல். எதிர்ச்சாரியிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். படுக்கும் பாயைப் பற்றிய வரி வந்ததும், நிறுத்தினால் மானம் போகும் என்று வேகமாக ஓட்டியவர் 'கல்லு' என்று சொல்லிவிட்டுத்தான் நின்றாராம். செல்லம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

மாமனாரிடமிருந்து ஒரே வரி வந்தது: "கல் மகளை அனுப்பாது."

ஒன்றரை வருஷம். நாகப்பட்டினம் கப்பல் வரும் நாளெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுத் துறையில் நின்றேன். இறங்கும் ஒவ்வொரு புடவையையும் பார்த்தேன். ஒருத்தி என்னைத் திருடன் என்று நினைத்து மூட்டையை இறுக்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

பிறகு கோணல்மாணலான எழுத்தில் ஒரு கடிதம் வந்தது. செல்லம்மாவே எழுதியது. இனி தன் கடிதத்தை வேறு யாரும் படிக்கக் கூடாதென்று தம்பியிடம் எழுத்துக் கற்றிருக்கிறாள்.

"அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டு எழுதுங்க. எனக்குத் தனியா எழுதுங்க. அந்தப் பாய் சமாச்சாரத்த மறுபடியும் எழுதுங்க. அன்னிக்கு அப்பா அவசரமாப் படிச்சிட்டாங்க."

இரண்டு கடிதமும் எழுதினேன். அடுத்த தை மாதம் வந்து இறங்கினாள்.

இப்போது ஊருக்குப் போனால் என் பிள்ளைகள் அவரை நேருக்கு நேராகவே 'கல்லுத் தாத்தா' என்று கூப்பிடுகிறார்கள். அவர் என்னை முறைத்துக்கொண்டே அவர்களுக்கு வெல்லக்கட்டி எடுத்துக் கொடுக்கிறார்.