டிராம்போனும் வேதியியலும்

மேக்கனில் இருக்கும் அக்கா எர்னஸ்டீனுக்கு, பால்டிமோரில் பஸ் ஓட்டும் தம்பி வெண்டெல் மரியாதையுடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் நலம். நீயும் நலமாக இருந்தால், அதைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம்.

அத்தான் காலமானதும் அவருடைய டிராம்போனை என் மகள் ஜனீயாவுக்குக் கொடுத்தவள் நீ. அதை ஊதித்தான் அவள் அரசு கலைப் பள்ளியில் இடம் பிடித்தாள். காலையில் பாடம், மதியம் வாத்தியம் என்றார்கள். வீட்டில் ஓயாமல் வாத்தியம்தான், வேதியியலில் ஃபெயில். அங்கே ஒரு பாடத்தில் தவறினாலும் மேடை கிடையாது. வசந்த விழாவில் தனியாக வாசிக்க இவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அதுவும் போகிற நிலை. "வேதியியல்தான்டி நாளைக்குச் சோறு போடும்" என்றேன். "நீங்க எந்த வேதியியல வச்சுப்பா பஸ் ஓட்டுறீங்க?" என்றாள். "வாயை மூடு" என்று அதட்டினேன். டிராம்போனைத் தூக்கிப்போய் சர்ச்சில் பாடகர் குழுவின் அலமாரியில் ஒளித்தேன். அவளிடம் கேள்வி கேட்பதற்காக நானே அந்தப் புத்தகத்தைப் படித்து, அதே நினைவில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டி பஸ்ஸை ஓட்டி, ஒரு பஸ் நிறையத் திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அலமாரியைத் திறந்தார். "நம்ம ஜனீயா வாத்தியமில்ல இது? வாம்மா, வாசி!" என்றுவிட்டார். அவள் வாசித்தாள். தொப்பி போட்ட அம்மாக்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா, ஒளித்துவைத்த நானும் எழுந்து கைதட்டினேன். மூன்றாவது வரிசையில் யார் தெரியுமா? அவளுடைய வேதியியல் டீச்சர் டோலிவர் அம்மா! நேரே வந்து, "இவ்வளவையும் இசைக்குறிப்பப் பார்க்காம வாசிக்கிற, என் பாடம் மட்டும் மண்டையில ஏறாதோ? செவ்வாய்க்கிழமை திரும்ப எழுது. ஆனா ஒரு மார்க்கும் சும்மா போட மாட்டேன்" என்றார். அவளும் எழுதியிருக்கிறாள். முடிவு எதுவானாலும் சரி, செப்டம்பரில் அவளைச் சாதாரணப் பள்ளிக்கு மாற்றுவது உறுதி. நீயும் போனில் அவளைக் கண்டித்து வை.

உன் முழங்கால் வலி குறையவும், உன் பீச் மரம் காய்த்துக் குலுங்கவும் ஜெபிக்கும்,
வெண்டெல்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜனீயா ஓடிவந்தாள். பாஸ்! டோலிவர் டீச்சரே கட்டிப்பிடித்தாராம். எந்தக் கடிதத்தையும் நீ அடியிலிருந்துதான் படிப்பாய். இதோடு நிறுத்திக்கொள், மேலே போகாதே. பள்ளியெல்லாம் மாற்றவில்லை. மே முதல் வெள்ளி விழா, முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன், கண்டிப்பாக வா. அத்தான் மேடையில் கட்டிய சிவப்பு டையையும் கொண்டு வா. ஜனீயாவுக்கு இல்லை. நான் கட்டிக்கொள்ள வேண்டும்.