நான்கு அன்னங்களுக்கு ஆட்சேபனை இல்லை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கலை வறட்சியைப் போக்கும் மாபெரும் பொறுப்பு, எவரும் கேட்காமலேயே என் தலையில் வந்து விழுந்தது. கையிலிருந்தது, நான் படித்த கான்வென்டில் அயர்லாந்து சிஸ்டர் ஒருவர் சொன்ன கதை. சித்தி சாபமிட, லிர் ராஜாவின் நான்கு பிள்ளைகளும் அன்னங்களாகித் தொள்ளாயிரம் ஆண்டு அலைவார்கள். அதை ஜப்பானின் பழைய முகமூடி நாடகப் பாணியில், அடிமேல் அடி வைத்து நடந்து, மேடையேற்றுவதாகத் திட்டம். ஜப்பான் பாணியை எங்கே கற்றாய் என்று கேட்காதீர்கள். இட்லி வேகும் நேரத்தில் செல்போனில் மூன்று வீடியோ பார்த்தேன்.

அனுமதி கிடைக்காவிட்டால் மாவட்டக் கலைவிழாவில் எனக்குரிய ஒரு மணி நேரம் என் நாத்தனார் கலைச்செல்வியின் கோலாட்டத்துக்குப் போய்விடும். அதற்கு அந்தக் கோலை வாங்கி என்னையே அடித்துக்கொள்ளலாம்.

கீழக்கரைத் தோழி லாமியாவையும் இழுத்துக்கொண்டு விழா அலுவலகம் போனேன். கண்காணிப்பாளர் காளீஸ்வரன் மனுவைப் புரட்டினார்.

“ராஜா எந்த ஆளுகம்மா?”

“அயர்லாந்து.”

“அந்த ஆளுக சங்கத்துல ஆட்சேபனை இல்லைன்னு லெட்டர் வேணும். எங்க ராஜாவைக் கேவலப்படுத்திட்டீகன்னு நாளைக்கு மறியலுக்கு வந்தா?”

“அயர்லாந்துல இருந்தா வருவாக?” என்றாள் லாமியா.

“வர மாட்டோம்னு அவுககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.”

ராஜாவை நீக்கினேன். சித்தி பொல்லாதவள் என்பதற்கு ஆதாரம் கேட்டார். சித்தியும் போனாள். பறவை என்றால் வேறு துறையின் சான்று வேண்டுமாம். அன்னங்கள் பறந்தன.

“முகமூடி போட்டா அடையாள அட்டையில இருக்க மூஞ்சியோட எப்படிம்மா ஒத்துப் பாக்குறது?”

அதையும் அடித்தேன்.

“இப்ப என்னதான்டி மிச்சம்?” என்று லாமியாவைக் கேட்டேன்.

“நடைதான்க்கா.”

“நடைக்கு ஆட்சேபனை இல்லை” என்று காளீஸ்வரன் பெருந்தன்மையோடு கையெழுத்திட்டார்.

விழாவன்று நானும் லாமியாவும் இன்னும் இருவரும் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு மணி நேரம் நடந்தோம். பேச்சில்லை, பாட்டில்லை, கதையே இல்லை. பாதியில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றேன். அந்த இடத்தில்தான் முன்வரிசை கண்ணைத் துடைத்தது. சிறப்பு விருந்தினர் “உலகத் தரம்” என்றார். புரியவில்லை என்று சொன்னால் படிக்காதவர் ஆகிவிடுவோமே என்று மற்றவர்கள் அவரைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

கலைச்செல்வியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். “மதினி, நடுவுல நின்னீகளே, அங்கன என்னமோ பண்ணிருச்சு.”

“அது ஜப்பான் டெக்னிக்” என்றேன், முழங்காலில் தைலம் தேய்த்தபடி.

மறுவாரமே என்னை நாடகத் தேர்வுக்குழுவின் நிபுணராக நியமித்து உத்தரவு வந்தது. முதல் மனு முதுகுளத்தூர்ப் பெண்களுடையது. குழாயில் தண்ணீர் வராத கதை. முதல் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்:

“புரிகிறது. எனவே நிராகரிக்கப்படுகிறது.”