எட்டுத் துளைகளும் நிரப்பப்பட்டன

ஓர் அரசுத் துறைத் துணை இயக்குநரின் வீட்டு ஹாலில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவி பாதியில் நின்று வட்டம் சுற்றுவது அரசு நிர்வாகத்துக்கே இழுக்கு என்பது ஆவன சாரின் உறுதியான கருத்து. அந்தப் பெயர் அலுவலகத்தில் வைத்தது. எந்த மனுவைக் கொடுத்தாலும் "ஆவன செய்யப்படும்" என்பார். அதன் பிறகு அந்த மனுவைக் கண்ணால் கண்டவர் கிடையாது. வீட்டிலும் அதே கதைதான். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி முறையிட்டதன் பேரில் ஆவன செய்யப்பட்டு, அடியில் ஒரு வாளி வைக்கப்பட்டது.

பக்கத்து வீட்டுத் தணிக்கை அதிகாரி ஒருநாள் வந்து உட்கார்ந்தார். சுற்றும் வட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னுமா சார் வைஃபைல ஓட்டுறீங்க? இப்ப எல்லாரும் கம்பிக்கு மாறியாச்சே."

எல்லாரும் என்றால் அவர் ஒருவர்தான். ஆனாலும் ஆவன சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே நெட்வொர்க் சுவிட்ச் வந்து இறங்கியது. விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. எட்டுத் துளை உள்ள தட்டையான பெட்டி. ரவுட்டரிலிருந்து வரும் கம்பியை ஒரு துளையில் சொருகினால், மற்ற துளைகள் வழியாக டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், விளையாட்டுப் பெட்டி நான்குக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும். கடைக்காரர் மாட்டிக் காட்டினார். படம் நிற்காமல் ஓடியது.

மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவளுக்குக் கம்பியும் வேண்டாம், கௌரவமும் வேண்டாம். மகளைப் பார்க்க வேண்டும். தேர்வெழுதி அதிகாரி ஆகு என்று அப்பா சொன்னதைக் கேட்காமல் நாடகக் குழுவில் சேரப் போன மகள், போன நாளிலிருந்து வீடு திரும்பவில்லை. வருகிற ஞாயிறு மாலை அவளுடைய முதல் மேடை. நெட்டில் நேரலையாகக் காட்டுவார்களாம். மனைவியிடம் இருந்தது பேச மட்டும் உதவும் போன். கணவரின் போனோ அலுவலகச் சொத்து. அதில் பெற்ற மகளைப் பார்ப்பது விதிமீறல்.

ஆவன சார் அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவர் துளைகளை எண்ணினார்.

"மூணு இடம் காலியா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"நிரப்பாத இடத்த மேலிடம் ரத்து பண்ணிடும். இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணி இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"நம்ம வீட்டுக்கு மேலிடம் யாருங்க?"

அந்தக் கேள்வி பரிசீலனையில் வைக்கப்பட்டது.

ஆள்சேர்ப்பு தொடங்கியது. பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டி ஓரிடம் கொடுத்தார். மச்சான் விட்டுப்போன டிஸ்க் பிளேயருக்கு, உறவினர் என்பதால் அல்ல, தகுதியின் அடிப்படையில் ஓரிடம். பிரிண்டர் பொழுதுபோக்குச் சாதனமா என்று மனைவி கேட்டாள். அது காகிதத்தைக் கடித்துத் துப்புவதை வேடிக்கை பார்க்கலாம் என்பதால், சிறப்பு நேர்வாகக் கருதி அதையும் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் படுக்கையறை டிவியின் நினைவு வந்தது. ஹால் டிவிக்கு முன்பே வாங்கியது, பணிமூப்பு உள்ளது. அதை வெளியே நிறுத்தினால் நியாயமா? ஆவன சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துளை துளையாக ஆய்வு செய்தார். ஒரு துளையில் மட்டும், பாடவும் தெரியாத, படம் காட்டவும் தெரியாத ஒரு கம்பி சும்மா உட்கார்ந்திருந்தது. ரவுட்டரின் கம்பி.

"இது வெளியாள். அயற்பணியில வந்து ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று சொல்லி, அதைப் பிடுங்கித் தாய்த்துறைக்கே திருப்பி அனுப்பினார். அந்த இடத்தில் படுக்கையறை டிவி பணியமர்ந்தது. கம்பிக்கு மாறிய வீட்டில் வைஃபை இருப்பது அழகல்ல என்று அதையும் அணைத்தார்.

ஞாயிறு மாலை வந்தது. பெட்டியில் துளைக்கு ஒன்றாக எட்டு விளக்கும் பச்சையாக மின்னின. டிவி மட்டும், நெட் இல்லை என்று எழுதிக் காட்டியது.

"டிவி பொய் சொல்லுது. எட்டும் எரியுது பாரு" என்றார் ஆவன சார்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதையாவது ஒண்ணக் கழட்டிட்டு அந்த ரவுட்டர் கம்பியச் சொருகுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"யாரைக் கழட்டுறது? நியமனம் முடிஞ்சாச்சு. ஒருத்தர எடுத்தா மத்தவங்க வழக்குப் போட மாட்டாங்களா?"

அவளே கையை நீட்டினாள். அவர் பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பை மனு கொடுக்க வந்த அத்தனை பேரும் அறிவார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தணிக்கை அதிகாரி வீட்டுக்கு ஓடினாள். அங்கே பதினாறு துளைப் பெட்டி. அதன் எதிரே, விளக்குகளைப் பார்த்தபடி, அந்த வீட்டம்மாள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுல படம் வந்தே ரொம்ப நாளாச்சுக்கா. யாராவது கேட்டா, நல்லா வருதுன்னு சொல்லச் சொல்லியிருக்காரு."

திரும்பி வந்து அவள் சோபாவில் சரிந்தாள். வெளியே இருட்டியது. இந்நேரம் நாடகம் முடிந்திருக்கும். அப்போது, மறுமுனைக் குரல் ஹால் முழுக்கக் கேட்கும் அவளுடைய போன் அடித்தது. மகள்தான். பார்க்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மகள் பேசுவதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"பாத்தேன்டி கண்ணு. அசத்திட்ட. கடைசில நீ அழுதப்ப எனக்கே அழுகை வந்துடுச்சு. அப்பாகூட எந்திரிச்சுக் கை தட்டினார்."

"அம்மா, நாடகமே நடக்கலம்மா" என்றாள் மகள். "அரங்கத்துக்கு அனுமதி வரல. ஆவன செய்யப்படும்னு ஒரு கடுதாசிதான் வந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போன் அதுவாகவே மனைவியின் கையிலிருந்து மடிக்கு இறங்கியது.

முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த ஆவன சார் மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் அவள் பார்த்திராத ஒரு மரியாதை தெரிந்தது.

"நடக்காத விழாவுக்கு இவ்வளவு நல்ல அறிக்கைய எங்க ஆபீஸ்லகூட எவனும் குடுத்ததில்ல" என்றார். "உன்னப் போயி இத்தனை வருஷம் அடுப்படியிலயே வச்சிருந்துட்டேனே."