புதுக் கெர்னலுக்கு நல்ல நேரம்

"மூணு நிமிஷம், மாமா. மெஷினை ஒரு தடவை அணைச்சு ஏத்தணும், அவ்வளவுதான்," என்று பத்மஜா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

நாணு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "இப்போ எமகண்டம். பத்தரைக்கு மேலே வெச்சுக்கலாம்."

மும்பை மாதுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், முதல் மாடியில், இருபத்தெட்டு வருடமாக நடக்கிறது நாணுவின் திருமணத் தகவல் நிலையம். பதினாலாயிரம் ஜாதகங்களும் அவற்றோடு வந்த படங்களும் உள் அறையில் இருக்கும் ஒரே ஒரு லினக்ஸ் கணினியில் இருந்தன; முன்னறைக் கணினிகூட அதிலிருந்துதான் எடுத்துக் காட்டும். வாரம் ஒரு நாள் செம்பூரிலிருந்து வந்து அதைப் பராமரிப்பது பத்மஜாவின் வேலை.

அந்தக் கணினியின் கெர்னலில், அதாவது மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் அடியில் இருந்து கணினியை நடத்தும் பகுதியில், ஓட்டை இருப்பதாகப் போன வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. சாதாரண கடவுச்சொல் ஒன்று கையில் இருந்தால் போதும், முழுக் கணினியையும் கைப்பற்றிவிடலாம். அன்றைக்கு, அதாவது செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் புதுக் கெர்னல் போட்டுத் தருவதாக அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுடைய ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. அவளுக்கு முன்னால் இருந்த சாய்நாத் இதே வேலையைச் செய்யப்போய், கணினி எழுந்திருக்காமல், நிலையம் எட்டு நாள் மூடிக் கிடந்தது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் ஆளை மாற்றிவிடுவேன் என்று நாணு முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. கெர்னல் பொதியை உரிய இடத்திலிருந்து இறக்கி, கையொப்பம் சரிபார்த்து, இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மிகப் பழைய கெர்னல்கள் இரண்டை நீக்கி, இப்போது ஓடுவதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, புதியதை நிறுவிவிட்டாள். பாக்கி ரீபூட், அதாவது அணைத்து ஏற்றுவது மட்டும்தான். அதற்குத்தான் எமகண்டம்.

பத்தரை அடித்ததும் எழுந்தாள். அதற்குள் நாணு ஜோசியர் வானமாமலைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நிலையத்துக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். வந்தவர் காலண்டரை ஏளனமாகப் பார்த்தார்.

"இது மெட்ராஸ்ல அச்சடிச்சது ஓய். மெட்ராஸ் சூரியனும் பம்பாய் சூரியனும் ஒரே நேரத்துலயா உதிக்கிறது? இங்கே எமகண்டம் பதினொண்ணு பத்து வரைக்கும் இருக்கு."

இருபத்தெட்டு வருடமாக மெட்ராஸ் கணக்கில்தான் கல்யாணங்கள் முடிந்திருக்கின்றன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார் நாணு. கெட்டுப்போனவர்கள் உம்மிடம் வந்து சொல்வார்களா என்றார் வானமாமலை. பத்மஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கை ஒரேயடியாக முடித்துவிட வேண்டுமென்று, மும்பையின் சூரிய உதயத்தைக் கொண்டு அன்றைய அட்டவணையைக் கைபேசியில் தேடி எடுத்து, அச்சடித்து மேஜையில் வைத்தாள்.

அதுதான் அவள் செய்த தவறு. அட்டவணையில் குளிகையும் இருந்தது.

"பார்த்தேளா, நான் மறந்தே போனேன்," என்று வானமாமலை சந்தோஷப்பட்டார். "குளிகையில செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். நகை வாங்கலாம், தோஷமில்லை. மெஷினை அணைக்கலாமா? சாயங்காலம் வரைக்கும் அதுபாட்டுக்கு அணைஞ்சு அணைஞ்சு ஏறிண்டிருக்கும்."

ஓயாமல் தானே அணைந்து ஏறும் கணினிகளைப் பத்மஜா கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்குக் காரணம் வேறு என்றாலும், அப்படி நடப்பதுண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோபம் தனி.

கடைசியில் அவளே ஒரு சமரசம் சொன்னாள். இரண்டு கணக்கில் எதில் கெட்டதாக இருந்தாலும் அந்த நேரத்தை அடித்துவிடலாம். அடித்தார்கள். பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பிறகு இரண்டு பத்திலிருந்து மூன்று வரை, அவ்வளவுதான் மிஞ்சியது. மணி பதினொன்று இருபத்தைந்து.

"சரி, பண்ணிடறேன்."

"இரு. எழுந்திருக்கலேன்னா எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் நாணு.

"முக்கால் மணி," என்று சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதது அவளுடைய தொழிலின் குறை.

அப்படியென்றால் குளிகைக்குள் போய் நிற்கும் என்றார் வானமாமலை. காரியத்துக்கு முன்னால் இந்த மாதிரி வார்த்தை பேசலாமா என்றார் நாணு. எழுந்து முன்னறைக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து, கோவண்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது, மான்குர்த் பையன் ஜாதகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாதியில் அணைத்தால் சம்பந்தமே அணைந்த மாதிரி நினைப்பார்கள் என்றார். அவர்கள் போனபோது மணி பன்னிரண்டேகால்.

பத்மஜா டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தை விரோதி மாதிரி தின்றாள். அன்றைக்குக் கணினியும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஒரு கட்டளைக்குப் பதில் வர இரண்டு மடங்கு நேரம். பழைய கெர்னல், வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்று சொல்லிக்கொண்டாள்.

இரண்டு பத்துக்கு வானமாமலை சாப்பிட்டுத் தூங்கப் போயிருந்தார். நல்லது என்று விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முன்னறையிலிருந்து வந்த நாணு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு மனசு சமாதானமாகலே. என்னென்ன ஜாக்கிரதை பண்ணியிருக்கே, ஒண்ணொண்ணா சொல்லு."

இதை ஒருவர் கேட்கமாட்டாரா என்றுதான் பன்னிரண்டு வருடமாக அவள் காத்திருந்தாள். மென்பொருள் பொதிக்குக் கையொப்பம் எதற்கு, அதை எப்படிச் சரிபார்ப்பது என்று தொடங்கினாள். ஜாதகத்திலும் பிறந்த நேரத்தைச் சரிபார்க்கிறோம், ஆனாலும் பாதிப் பேர் திருத்திக் கொண்டுவருகிறார்கள் என்றார் நாணு. இதில் ஒரு எழுத்து திருத்தினாலும் தெரிந்துவிடும் என்று விளக்கினாள். புதியது எழாவிட்டால் தொடக்கத் திரையில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாள்.

"அதாவது மாப்பிள்ளை சரியில்லேன்னா, மண்டபத்துக்குப் பின்னாலே இன்னொரு மாப்பிள்ளையை உட்கார வெச்சிருக்கே."

"சிரிக்கற விஷயம் இல்லே, மாமா. எல்லாமே போனாலும் ஜாதகம் போகாது. தினமும் தனி டிஸ்க்கில நகல் ஆறது. வெற்றின்னு எனக்கு மெயில் வரது. இன்னிக்கும் வந்தது, பாருங்கோ." கைபேசியை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "சந்தேகப்படறவா சந்தேகப்படட்டும். என் வேலையில ஒருத்தர் கை வெக்க முடியாது."

நாணு வெகுநேரம் தலையாட்டினார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், இந்தத் தடவை எழுதிக்கொள்வதாகச் சொல்லி. அவர் எழுத்துக் கூட்டி எழுதி முடித்தபோது மூன்று ஐந்து. ராகுகாலம் வந்துவிட்டது.

பத்மஜாவுக்குச் சண்டை போடுவதற்குக்கூட நாளில் இடம் இல்லை. ராகுகாலம் இரண்டு கணக்கையும் சேர்த்தால் ஐந்து பத்து வரை. எழுதிக் கொடுத்த ஐந்து மணி தாண்டிவிடும். ஒப்பந்தமும் போகும். டிராம்பேயில் ஒரு கம்பெனி ஆள் தேடுகிறது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு நாணு முன்னறையிலிருந்து வந்தார்.

"ஆரம்பி."

"என்னது?"

"ரீபூட்டோ என்னவோ, பண்ணு."

"இப்போ ராகுகாலம், மாமா."

"இருக்கட்டும்."

"மெட்ராஸ் கணக்குக்கும் ராகுகாலம், பம்பாய் கணக்குக்கும் ராகுகாலம். ரெண்டும் சேர்ற நேரம் இது. நாள் பூரா என்னை உட்கார வெச்சுட்டு, இருக்கிறதிலேயே கெட்ட நேரத்துலயா பண்ணச் சொல்றேள்?"

"பண்ணுன்னா பண்ணு, அம்மா."

பண்ணினாள். திரை கறுத்தது. நாணு கண்ணை மூடவில்லை, கை கூப்பவில்லை, காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் கணினி எழுந்தது. எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று கேட்டாள். புதிய எண்ணைச் சொன்னது. பிழைப் பதிவுகளைப் பார்த்தாள், சுத்தம். மான்குர்த் பையனின் ஜாதகத்தைத் திறந்தாள்; செவ்வாய் இருந்த இடத்தில் இருந்தது.

"நல்லது. அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தத்தை எழுதிண்டு வந்துடு," என்று சொல்லிவிட்டு நாணு கீழே பூக்கடைப் பக்கம் இறங்கிப் போனார்.

வேலை கிடைத்தும் பத்மஜாவின் ஆத்திரம் அடங்கவில்லை. அதை யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. முன்னறையில் ஜெனி இருந்தாள். பதினொரு வருடமாக ஜாதகங்களைப் பதிவு செய்யும் தாராவிக்காரி. பத்மஜா அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தாள். காலை ஒன்பதிலிருந்து எமகண்டம், குளிகை, இரண்டு சூரியன். ஏழு மணி நேரம் போயிற்று. படித்தவளை இப்படியா நடத்துவது.

"ஒண்ணு, அவருக்கு நம்பிக்கை இருக்கணும். இல்லே, வெட்கமாவது இருக்கணும். ரெண்டும் இல்லாத மனுஷனை இன்னிக்குத்தான் பார்த்தேன், ஜெனி."

ஜெனி தன் கணினியிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கைக் கழற்றி, வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா ராகுகாலம்லாம் பார்க்கவே மாட்டாருக்கா. நீங்க தினமும் நகல் எடுக்கிற டிஸ்க்கோட வயரு தீவாளியில இருந்து கழண்டுல்லா கிடக்கு; மெயிலு மட்டும் அதுபாட்டுக்கு வருது. சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னு, நான் பதினாலாயிரத்தையும் இதுல ஏத்தி முடிக்கிற வரைக்கும் உங்களைப் பேச்சுல பிடிச்சு வச்சிருந்தாரு."