கூன் இல்லாத கனெக்டரும் ஏழாம் விளக்கும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சின்ன அக்காவின் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் ஏழாம் வீட்டுக் கடிகாரக்காரரைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. அவர் போன வருடம் இறந்துவிட்டார். மற்ற ஒன்பது வீடுகளிலும் நலம்.

நீங்கள் இங்கே இருந்தபோது வாட்ச்மேன் அறையில் மாட்டிய அழைப்பு மணிப் பலகையைச் சரிசெய்துவிட்டேன் என்று பெருமையாக எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எந்த வீட்டில் பொத்தானை அழுத்தினாலும் பலகையில் அந்த எண் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் நாலாம் வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவை இந்த மாதமே உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தீர்கள். அவரோ, "உங்க மாமன் வீட்டு டிவி சத்தத்துலயே என் உயிர் போயிடும், எப்படியாவது அந்த விளக்கை எரிய வைடி"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டார். பழுது சின்னதுதான். பத்து மெல்லிய கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய ரிப்பன் கேபிளின் முனையில் இருந்த கனெக்டரை எலி தின்றிருந்தது. முதலில் வாங்கிய கனெக்டரில் துளைகள் பத்து சரியாக இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று நெருங்கியிருந்ததால் பலகையின் ஊசிகள் அதில் இறங்கவில்லை. திருப்பிக் கொண்டுபோய்த் துளைக்குத் துளை அளந்ததும் கடைக்காரர், "பல்லை எண்ணிப் பாத்து வாங்க இது என்ன மாட்டுச் சந்தையா பாப்பா?" என்றார். இரண்டாவது கனெக்டரில் இடைவெளி சரி. ஆனால் நீங்கள் சொல்லியிருந்த அந்தச் சின்னக் கூன், பலகைச் சாக்கெட்டின் பள்ளத்தில் உட்கார வேண்டிய மேடு, அது இல்லை. கேட்டதற்கு, "கூன் இல்லாம இருந்தா நல்லதுதானே?" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் பட்டது.

கனெக்டரின் பற்கள் கம்பிகளைக் கடித்துப் பிடிக்க வேண்டுமே, அதற்காக என் அகராதியின் இரண்டு தொகுதிகளுக்கு நடுவே அதை வைத்து அப்பாவை மேலே உட்காரச் சொன்னேன். 'டக்' என்று பிடித்துக்கொண்டது. (அகராதி இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.) இன்று மதியம் வாட்ச்மேன் அறையில் அதைச் செருகினேன். செருகியதும் ஒவ்வொரு வீடாகப் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியது நினைவிருக்கிறது, மாமா. ஆனால் அதற்கு முன்பே, யாரும் எதையும் தொடாமலே, ஏழாம் விளக்கு எரிந்தது. மூன்று முறை படபடவென்று மினுக்கியது. நின்றது. மறுபடி மூன்று முறை. வாட்ச்மேன் தன் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை.

நல்ல வெயில் நேரம்தான். இருந்தும் எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினோம். கடிகாரக்காரர் வீட்டுக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது, பூட்டின் மேல் ஒட்டடை. அப்பா கதவில் காதை வைத்தார். வைத்த காதை எடுக்காமலே வெளுத்துப்போனார். நானும் வைத்தேன். உள்ளே, எங்கோ ஆழத்தில், டொக் டொக் டொக். "சாவி உங்ககிட்டதானே, திறங்க"ன்னு அம்மா சொன்னதற்கு, குடியிருப்புச் சங்கச் செயலாளர், "சாவி என்கிட்ட இருந்தா நான்தான் திறக்கணும்னு எங்கே எழுதியிருக்கு?" என்று சாவியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா என்னிடம் நீட்டினார். அம்மா பிடுங்கிச் செயலாளர் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. மனுஷன் அவ்வளவு பொறுமைசாலி. இப்படி அவசரமா பெல் அடிக்கிற ஆளே இல்லையே" என்றாள். அதைக் கேட்டதும் மிச்சமிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். கட்டடமே திரண்டு வந்ததில் பெரியம்மா மட்டும்தான் வரவில்லை. அவருக்குத்தான் இந்தப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாதே.

நாளைக் காலையில் பலகையைப் பிடுங்கிக் குப்பையில் போடப்போவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார். போட்டால் பெரியம்மா உங்கள் டிவியிடம் வந்து சேர வேண்டியதுதான். தயவுசெய்து செயலாளருக்கு நாலு வரி எழுதுங்கள். கூனுள்ள கனெக்டர் ஒன்றும் அனுப்புங்கள். நீங்கள் சரியானதை வாங்குவதற்காக இதன் படத்தைக் கீழே வரைந்து முடிக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம், தம்பிக்கு முத்தம். பெரியவர்கள் ஆசி எங்களுக்கு இப்போது சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: படம் வரையப் பலகையருகே போனேன். கேபிளின் சிவப்புக் கம்பிதான் ஒன்றாம் எண், இல்லையா மாமா? அது சாக்கெட்டில் பத்தாம் ஊசியின் பக்கம் இருக்கிறது. கூன் இல்லாததால் தலைகீழாகச் செருகிவிட்டேன். அப்படியானால் ஒன்று பத்தாகும், இரண்டு ஒன்பதாகும், ஏழு

மாமா, நாலு. நான் போகிறேன்.

மறு பின்குறிப்பு: பெரியம்மா நலம். குளியலறைத் தாழ்ப்பாள் இறுகி, நீங்கள் பொத்தான் வைத்த அதே குளியலறைக்குள், மதியத்திலிருந்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஏழாம் வீடு அவர் தலைக்கு நேர் மேலே. செம்பால் குழாயில் தட்டியிருக்கிறார், அதுதான் அந்த டொக் டொக். "கீழ ஒருத்தி பெல்லை அழுத்தி அழுத்தி விரல் தேஞ்சு கிடக்கேன், மேல போய்ச் செத்தவன் வீட்டுக் கதவுல காதை வெச்சீங்களாடி!" என்று எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டினார். செயலாளரை இரண்டு சுற்று. ஆனால் பலகை இல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது என்பதால் அது இருக்கும், அவரும் இங்கேயே இருப்பார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். பேய் இல்லை. கனெக்டருக்கும் அவசரமில்லை, இதையே சரியாகத் திருப்பிச் செருகிவிட்டு வந்து கடிதத்தை ஒட்டுகிறேன்.

செருகிவிட்டேன். ஒன்று முதல் பத்து வரை, ஏழைத் தவிர, எல்லா வீட்டிலும் அழுத்தச் சொல்லிச் சோதித்தேன். எல்லாம் சரி. பெரியம்மா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஏழு எரிகிறது. படபடப்பு இல்லை. ஒரே ஒரு முறை, நிதானமாக.

கனெக்டரை அனுப்ப வேண்டாம் மாமா. நீங்களே கொண்டு வாருங்கள்.