அப்பாவுக்கு வந்த நூறு ரோஜா

சுகோகோர்ஸ்க்,
மார்ச் மாதம், பனி இன்னும் உருகவில்லை.

அன்புள்ள தம்பி அர்செனிக்கு,

அக்கா கபித்தோலினா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். லண்டனில் உன் நலத்தையும், உன் உல்லாசக் கப்பலின் நலத்தையும், போன வாரம் ஐந்து கோல் வாங்கித் தலைகுனிந்த உன் கால்பந்து அணியின் நலத்தையும் அறிய ஆவல். உன் ஆபீசுக்கு போன் செய்தால் ஒரு பெண் "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்கிறாள். நான் அவனுடைய அக்கா என்று சொன்னேன், அதையும் பதிவு செய்துகொண்டாள். நம் ஆலையின் விளம்பரப் பிரிவில் இருக்கிற எட்வார்ட், கம்பெனி விமானத்தில் அங்கே வருகிறானாம். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் காலமெல்லாம் உருக்குக்கூடத்தில் கிரேன் ஓட்டியவள். மேலே உட்கார்ந்து கீழே நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரி கத்தத்தான் தெரியும், பக்குவமாக எழுத வராது. பொறுத்துக்கொள்.

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் நடந்த அழகைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் ஒன்று. நீ பெரிய ஆளான கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பத்திரிகைக்காரன் "உலையடியில் தொடங்கிய பயணம்" என்று எழுதுகிறான். உலையடியில் நீ இருந்தது ஒரே ஒரு குளிர்காலம், அதிலும் பாதி நாள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று குளிர்காய்ந்தாய். எனக்குத் தெரிந்த கதை வேறு. சம்பளத்துக்குப் பதிலாக ஆலை எங்களுக்கு எனாமல் பானை கொடுத்த காலம் அது. நாங்கள் எல்லோரும் பானையைக் கட்டிக்கொண்டு அழுதோம். நீ ஒருத்தன்தான் வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கி, லாரியில் தெற்கே கொண்டுபோய், வண்டி நிறையச் சர்க்கரையோடு திரும்பினாய். அப்புறம் அரசாங்கம் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, இனி ஆலையில் உங்களுக்கும் பங்கு என்றது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாங்கள் முழித்தபோது, நீ ஆலை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தாய். சீட்டைக் கொடு, சர்க்கரையை எடு. "எம்புள்ள கடை போட்டிருக்கான், மொத போணி நாந்தான்" என்று வரிசையில் முன்னால் போய் நின்றவர் அப்பா. அந்தக் கோடையில் அம்மா, அவள் ஆத்மா சாந்தியடையட்டும், அந்தச் சர்க்கரையில் ஜாம் காய்ச்சினாள். உருக்காலையின் பங்கை ரொட்டியில் தடவித் தின்ற குடும்பம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். ஜாம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு நீ துணை இயக்குநர், இயக்குநர், முதலாளி. அதற்கப்புறம் மாஸ்கோ, சைப்ரஸ், லண்டன். நீ ஒவ்வொரு படி ஏறும்போதும் அப்பா பத்திரிகையிலிருந்து உன் படத்தைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். மூன்றாம் உலையை அணைக்கச் சொல்லி நீ கையெழுத்துப் போட்டாயே, அன்று வரைக்கும் ஒட்டினார். ஓய்வு வயது தாண்டியும் அந்த உலையை விடாதவர், அன்றைக்கும் சாப்பாட்டுப் பையோடு போயிருக்கிறார். அவருடைய நுழைவு அட்டைக்கு ஆலை வாசல் கதவு திறக்கவில்லை. உள்ளே நெருப்பு செத்து இரும்பு உறைந்து கட்டியானால் இங்கே என்ன சொல்வோம், நினைவிருக்கிறதா? "ஆடு படுத்துருச்சு" என்போம். படுத்த ஆட்டை வெடி வைத்துத்தான் எழுப்ப வேண்டும். அன்றைக்கு உனக்கும் அவருக்கும் நடுவிலும் ஒன்று படுத்துவிட்டது. நீ போன் செய்தாய், அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் நீயும் விட்டுவிட்டாய், அதற்குப் பதில் வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு ரோஜா வர ஆரம்பித்தது.

முதல் வருஷம் பூவைப் பார்த்ததும், கோபத்தில் இருந்த மனுஷனுக்கு முகமெல்லாம் பல். எதிர்வீட்டு ரூஃபினாவுக்கு அது பொறுக்குமா? வந்து ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"நூறு! ரெட்டைப்படை! அட ஆண்டவா, உசுரோட இருக்கற மனுசனுக்கு யாராச்சும் ரெட்டைப்படையில பூ குடுப்பாங்களா? இது சவப்பெட்டிக்கில்ல வைக்கிற கணக்கு! ஏண்டி கபா, ஒந்தம்பி கணக்குல புலின்னு ஊரெல்லாம் பேசுது, ஒத்தைக்கும் ரெட்டைக்கும் வித்தியாசம் தெரியலியே!"

அப்பா கொத்திலிருந்து ஒரு பூவை உருவி அவள் கையில் கொடுத்தார். "இந்தா, இது ஒனக்கு. இப்ப தொண்ணூத்தொம்போது. சரியாப் போச்சா? அவனுக்கு எண்ணத் தெரியாம இல்ல, ரூஃபினா. எண்ண நேரமில்ல."

உன் ஆபீசில் எந்த இங்கிலீஷ்காரப் பெண் இதை ஏற்பாடு செய்கிறாளோ, அவளுக்கு நூறு என்றால் அழகான எண். வருஷா வருஷம் நூறுதான் வந்தது. வருஷா வருஷம் அப்பா ஒன்றை உருவினார். ரூஃபினா பிறந்தநாளன்று காலையிலேயே பூச்சாடியில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கப் பழகிவிட்டாள். உன் கம்பெனியில் இத்தனை வருஷமாகத் தவறாமல் லாபம் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

இந்த எண்பதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா திடீரென்று, "ஒலை போனாப் போவுது. இரும்புதானே. வரச் சொல்லு அவன" என்றார். உடனே உன் ஆபீசுக்குச் சொன்னேன், எழுதினேன், பூ ஒற்றைப்படையில் இருக்கட்டும் என்றுகூடச் சொன்னேன். எல்லாம் பதிவானது. பிறந்தநாளன்று அவர் விடிந்ததும் சவரம் செய்து, பதக்கங்கள் குத்திய கோட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் உனக்குப் பிடிக்குமே என்று பெல்மேனிக் கொழுக்கட்டை பிடித்தேன். மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரையும் அதில் உட்கார விடவில்லை அவர். ரூஃபினா மறந்துபோய் உட்காரப் போனபோது, "ஒம் பின்பக்கத்துக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று விரட்டினார்.

மணி அடித்தது. திறந்தால், நீ இல்லை, எட்வார்ட் நிற்கிறான். அவன் பின்னால் ஆலையின் பேண்டு வாத்தியக் கோஷ்டி. அதற்கும் பின்னால் நான்கு பேர் சவப்பெட்டி மாதிரி எதையோ தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார்கள். பார்த்தால் டிவி. நம் வீட்டுக் கதவின் அகலம் உனக்கு மறந்தா போயிற்று? நேராக நுழைத்தார்கள், சாய்த்து நுழைத்தார்கள், கதவைக் கழற்றியும் பார்த்தார்கள். அதற்குள் பேண்டுக்காரனின் பெரிய குழல் மாடிப்படிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கடைசியில் டிவியை மாடிப்படித் தளத்திலேயே சுவரில் சாய்த்து வைத்து, ரூஃபினா வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்தார்கள். அப்பாவை வெளியே கூட்டி வந்து குளிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கட்டடம் முழுக்கப் படிகளில் உட்கார்ந்துவிட்டது.

திரையில் நீ வந்தாய். "மதிப்புக்குரிய யெஃபிம் சவேல்யெவிச் அவர்களே! எமது நிறுவனத்தின் சார்பில்..." என்று அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து, காகிதத்தைப் பார்த்து வாசித்தாய். ஒரு தடவைகூட நீ அப்பா என்று சொல்லவில்லை, அர்செனி. எனக்கு அந்தத் திரையை உதைத்து மாடிப்படியில் உருட்டிவிடலாம் போல் இருந்தது. அப்பாவோ உன் பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று, "நன்றிங்க, தோழர் இயக்குநர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எட்வார்டைக் கூப்பிட்டு, "தம்பி, இது திரும்ப வருமா?" என்று கேட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. பேண்டுக்காரர்கள் போய்விட்டார்கள், கொழுக்கட்டை ஆறிப்போனது, அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெலிஞ்சிட்டான் கபா," என்றார். "சாப்புடறானா இல்லியான்னு கேட்டு எழுது."

கேட்டுவிட்டேன். சாப்பிடுகிறாயா?

எட்வார்ட் கடைசியாகப் பூவைக் கொடுத்தான். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, நூறுதான். ரூஃபினா தன் பங்குக்குக் கையை நீட்டினாள். அப்பா கொத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வருசம் இருக்கட்டும் ரூஃபினா. அனுப்புனது அனுப்புனபடியே இருக்கட்டும்."

அந்த வாயாடி முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லாவது தேயும், உனக்கு இருப்பது நீ விற்கிற எஃகு. ஆகவே கேட்டுக்கொள். நீ இனி வர வேண்டாம். டிவியை எடுத்துப் போகச் சொல், மாடிப்படியில் ஆட்கள் முட்டிக்கொள்கிறார்கள். பூவும் வேண்டாம். அப்பா நன்றாகவே இருக்கிறார், உன்னை நன்றாகவே திட்டுகிறார், உன்னை விட அதிக நாள் இருப்பார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆண்டவன் உனக்கு ஆரோக்கியத்தையும், உன் அணிக்கு ஒரு கோலையாவது கொடுக்கட்டும். கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டிக்கொள், அந்த ஊர் ஈரம் உன் நெஞ்சுக்கு ஆகாது.

உன் மேல் தீராத கோபத்துடன்,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா
கபித்தோலினா

பி.கு.: நேற்று ராத்திரி மேலே எழுதியதை அடித்துத் திருத்த நேரமில்லை, எட்வார்ட் கீழே காரில் காத்திருக்கிறான். இன்று காலையில் தேநீர் கொண்டுபோனேன். அப்பா, உனக்கென்று போட்டுவைத்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவர் உன்னைத் திட்டினார் என்று எழுதினேனே, அது பொய். ஒரு நாள்கூடத் திட்டவில்லை. உன் ஆபீசுக்குச் சொன்னேன், பதிவு செய்துகொண்டார்கள். நாளை மறுநாள் அடக்கம். இந்த விமானம் திரும்பும்போது அதிலேயே ஏறி வந்துவிடு, தம்பி. நூறு வேண்டாம். இரண்டு பூ போதும். யாரையும் அனுப்பச் சொல்லாதே, நீயே எண்ணி, உன் கையால் கொண்டு வா.